வேனிற்காலத்து இல்லமும் இளங்குழந்தைகளும்

(செலாயாங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேனிற்காலத்துப் பகற்பொழுதை இளங்குழந்தைகளோடு வீட்டில் கழிப்பது எப்படி என்பது மேடையேறிப் பேசத்தக்க விஷயந்தானா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சமயத்திற்கும் இலக்கியத்திற்கும் அரசியலுக்கும் மேடை உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு உறங்க மறுத்துத் தரையில் புரண்டு அழும் மூன்று வயதுக் குழந்தையின் பொருட்டு எவரும் கூட்டம் கூட்டுவதில்லை. ஆயினும் ஒரு சமூகத்துத் தாய்மார்களும் பாட்டிமார்களும் தங்கள் தேகபலத்தையும் பொறுமையையும் எந்தக் காரியத்தில் நாள்தோறும் செலவழித்துத் தீர்க்கிறார்களோ, அந்தக் காரியத்தைக் குறித்து அச்சமூகம் ஓரிடத்தில் கூடியிருந்து சிந்திப்பது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். நான் சொல்லவந்த கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வெயிற்காலத்தில் சிறு குழந்தைகளைப் பேணும் பணி ஒருத்தி தனியே இருந்து செய்து முடிக்கக்கூடிய பணியன்று, முற்காலத்தில் அது அவ்வாறு இருந்ததுமில்லை, ஓரிரு தலைமுறைக்குள் நாம்தான் அதை அவ்வாறு ஆக்கிவிட்டோம்.

நமது நாட்டில் வேனில் என்றொரு பருவம் உண்டா என்ற கேள்வி எழலாம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் வெயிற்காலமாக வகுத்திருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறப்பதை நம் வீட்டுப் பாட்டிமார் இன்றும் நாள் குறித்துச் சொல்லுகிறார்கள். ஆனால் கோலாலம்பூரும் அதனை ஒட்டிய நமது செலாயாங்கும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகை தொலைவில் இருப்பவை. இங்கே பகலின் உச்ச வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 பாகையை ஒட்டியே நிற்கிறது. மாதத்திற்கு மாதம் தோன்றும் வேறுபாடு மிகச் சொற்பம். மழை நின்றுபோகும் வாரங்களே நமக்கு வேனில். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்துவரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒருமுறையும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மறுமுறையும், பிற்பகலில் இடியோடு வந்து தெருவைக் குளிர்வித்துச் செல்லும் மழை நம்மைக் கைவிட்டுவிடுகிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்தக் கைவிடுதல் நீண்டுகொண்டே போகும். அப்படிப்பட்ட ஒரு வறட்சியின்போதுதான், 1998 ஏப்ரல் 9ஆம் நாள், பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று; இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பம் அதுவே. மூன்று நாள் தொடர்ந்து வெப்பம் 35 பாகையைத் தொட்டால் முதல் நிலை எச்சரிக்கை என்றும், 37 பாகையைக் கடந்தால் வெப்ப அலை என்றும், 40 பாகையையும் தாண்டினால் அதைவிடக் கடுமையான நிலை என்றும் நமது வானிலைத் துறை வகுத்துவைத்திருக்கிறது. 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளிக் கல்வியாண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியபடியால், பிள்ளைகளின் நீண்ட விடுமுறையும் பிப்ரவரி, மார்ச் வறட்சியும் ஒரே காலத்தில் வந்து கூடின. தமிழகத்துப் பிள்ளைகளின் கோடை விடுமுறை எத்தகையது என்பதை நமது வீடுகள் அந்த ஆண்டுகளில் பிரத்தியட்சமாக அறிந்துகொண்டன.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். குழந்தைகளுடைய நாளை வகுப்பவர்களுக்கு அது மிகவும் பயன்படும். மார்ச் மாதக் கடைசி வாரத்திலும் செப்டம்பர் மாத நடுவிலும் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த நாட்களில் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் முற்றும் மறையும் கணத்தைப் பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொன்னீர்களானால், கடிகாரம் பன்னிரண்டு மணியைக் காட்டாது. ஒன்றேகால் மணியை ஒட்டிக் காட்டும். 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள், சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒத்துவருமாறு, அரைமணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன; அதற்கு முன்பே நமது கடிகாரம் சூரியனுக்கு முக்கால் மணி நேரம் முந்தியிருந்தது. ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வாசலைத் தாண்டி வெளியே வரும் ஒருமணி, ஒன்றரைமணி என்பது உண்மையில் உச்சிப்பொழுது. உச்சி கழிந்து இரண்டு மணி நேரம் வரையில் காற்றின் உஷ்ணம் ஏறிக்கொண்டே செல்லும் என்பது இயற்கை. அப்படியானால், நாம் மாலை என்று எண்ணிக் குழந்தையை வெளியே விடும் நான்குமணியும் வெயிலின் ஆட்சிக்கு உட்பட்டதே. கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையின் நாளை அமைக்கும் வீடு, வெயிலின் கடுமை முழுவதையும் குழந்தையின் தலையில் ஏற்றிவிடுகிறது. வெயிலைப் பார்த்து நாளை அமைக்கும் வழக்கம் நம்மவருக்குப் புதியதன்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இனி வீட்டிற்குள் வருவோம். தாமான் எனப்படும் நமது குடியிருப்புப் பகுதிகளில் உள்ள வரிசை வீடு பெரும்பாலும் இருபதடி அகலமும் எழுபதடி வரையில் ஆழமும் உடையது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். ஆகையால் காற்று நுழைவதற்கு முன்புறமும் பின்புறமுமே வழி. அவ்விரண்டில் முன்புறத்தைக் காருக்குக் கூரை போட்டு மறைத்துக்கொண்டோம். பின்புறத்தைச் சமையலறையை நீட்டி அடைத்துக்கொண்டோம். செங்கல்லும் சிமெண்டும் பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல வீட்டிற்குள்ளேயே வெளியிடுகின்றன. அதனால் தெருவில் குளிர்ந்த காற்று உலவத் தொடங்கிய இரவு பத்து மணிக்கு, மாடியறையில் படுத்த குழந்தை வியர்த்துப் புழுங்கி விழித்துக்கொள்கிறது. மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில், அதுவும் மேற்குப் பார்த்த வீடுகளில், இந்தப் புழுக்கம் இன்னும் கடுமையானது. அங்கே முற்றமும் இல்லை, நிழல் தேடி இறங்குவதற்கு மரமும் இல்லை. மின்தூக்கி பழுதுபட்ட நாளில், கைக்குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும் உள்ள தாய் கீழே இறங்குவதென்பதே ஒரு பிரயாணமாகிவிடுகிறது.

செலாயாங்கிற்கே உரிய வேறொரு நிலைமையும் உண்டு. தலைநகரத்திற்குக் காய்கறியும் பழமும் மீனும் வழங்கும் நமது பாசார் போரோங் நள்ளிரவில் விழித்து விடியற்காலையில் ஓய்வது. அங்கே மூட்டை ஏற்றி இறக்குவோரும், லாரி ஓட்டுவோரும், கடை வைத்திருப்போரும் பகலில்தான் உறங்கவேண்டும். தகப்பனார் உள்ளறையில் காற்றாடிக்கு அடியில் உறங்குகிறார். அவருடைய உறக்கம் கலைந்தால் இரவு வேலைக்கு ஆபத்து. லாரியின் சக்கரத்தைப் பிடிக்கும் கை சோர்ந்துபோகக் கூடாது. எனவே கூடத்தில் இருக்கும் குழந்தைகள் ஓசையின்றி விளையாட வேண்டும். இரண்டு வயதும் நான்கு வயதும் ஆன பிள்ளைகள், வெயிலுக்குப் பயந்து அடைக்கப்பட்ட ஒரே அறையில், ஓசையின்றி, நான்கு மணி நேரம்! இந்த அசாத்தியத்தைத்தான் நமது தாய்மார்கள் நாள்தோறும் சாதித்துக்கொண்டிருக்கிறார்கள். தாயானவள் தரையை ஈரத்துணியால் துடைத்து, பாயை விரித்து, வேர்க்குரு பூத்த கழுத்திலும் முதுகிலும் மாவு பூசி, காய்ச்சி ஆறவைத்த பார்லித் தண்ணீரைச் சிறு குவளையில் ஊற்றிக் கொடுத்து, ஒரு பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியவாறே மற்றொன்றின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிவைத்து, இடையில் பள்ளியிலிருந்து பசியோடு வந்த மூத்தவனுக்குச் சோறு போட்டு, அவனுடைய வீட்டுப்பாடத்தையும் பார்த்து, அடுப்படி வெக்கையில் இரவுச் சமையலுக்கு வெங்காயம் அரியத் தொடங்குகிறாள். அந்தி சாயும் வேளையில் அவள் யார்மீதாவது சீறி விழுந்தால் அதை அவளுடைய சுபாவம் என்று சொல்லுவது பெரும் அநீதி.

நமது தோட்டப்புறத்தில் இந்தப் பணி எவ்வாறு நடந்தது என்பதை இந்த அவையிலுள்ள மூத்தவர்கள் நன்கு அறிவீர்கள். இளையவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுகிறேன். ரப்பர் மரத்தைக் கருக்கலில் சீவுவதற்குத் தக்க காரணம் உண்டு. இரவின் குளிர்ச்சியில் மரப்பட்டையின் பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குறைந்து, பால் மட்டுப்பட்டுவிடும். ஆகையால் மரமே மனிதருடைய நாளை வகுத்தது. விடியுமுன், ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு மணி அடிக்கும். தாய்மார்கள் உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் என்னும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்து புறப்படுவார்கள். வழியில் ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுத் தத்தம் மரநிரைக்குச் செல்வார்கள். ஆயாக்கொட்டகை என்பது கூரையும் அரைச்சுவரும் உடைய ஒரு கூடம். அதன் குறுக்கு மரங்களில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். வயது முதிர்ந்து, மரம் சீவும் வேலையிலிருந்து ஓய்ந்த ஓர் அம்மையார் அங்கே ஆயாவாக இருப்பார். தவழும் பிள்ளை, நடக்கும் பிள்ளை, தொட்டில் பிள்ளை எல்லாரும் அவருடைய பொறுப்பு. சற்று வளர்ந்த சிறுமிகள் தொட்டிலை ஆட்டுவார்கள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலை ஒட்டித் தாய் திரும்பி வருவாள். உச்சி வெயிலில் வேலையும் இல்லை, பிள்ளையும் வெளியில் இல்லை. உண்டு உறங்கி எழுந்தால் லயத்தின் நெடுந்திண்ணையில் மாலை தொடங்கிவிடும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. அந்தப் பள்ளிக்கு வயது எட்டாத பிள்ளைகளின் உலகம் ஆயாக்கொட்டகையாக இருந்தது.

இதனைச் சொல்லும்போது தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. லயத்து அறைகள் குறுகியவை. தகரக் கூரையின் வெக்கை இன்றைய ஓட்டு வீட்டின் வெக்கையை விடக் கொடியது. ஒரே கொட்டகையில் இத்தனை குழந்தைகள் சேர்ந்திருந்ததனால் இருமலும் வயிற்றுப்போக்கும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. தாய் விடியுமுன் போனாள் என்றால் கூலி போதாமையால் போனாள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும் காலம் வந்தால், காட்டில் நிழலும் போய், பாலும் குறைந்து, கையில் வரும் காசும் குறைந்துவிடும். வேனில் என்றாலே அரைவயிறு என்று பொருள்பட்ட இல்லங்கள் அநேகம். ஆனால் அந்த வறுமைக்கு நடுவில் ஓர் உத்தமமான ஏற்பாடு இருந்தது. எந்தத் தாயும் தன் குழந்தையோடு தனியே அடைபட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் அந்தக் குழந்தையைக் கண்டிக்க உரிமை உண்டு. சோறூட்டக் கடமை உண்டு. வயது சென்றவர்களுக்கு அங்கே ஒரு ஸ்தானம் இருந்தது. இன்று அதே வயதினர் தொலைக்காட்சிக்கு முன்னால் தனித்து அமர்ந்திருக்கிறார்கள்.

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதன் பின்னர் நகரம் விரிந்து வந்து தோட்டங்களை வீடமைப்புப் பகுதிகளாக மாற்றிற்று. மக்கள் முதலில் புறம்போக்கு நிலங்களிலும், பின்னர் அடுக்குமாடிகளிலும், வசதி வந்தபோது தாமான் வீடுகளிலும் குடியேறினார்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்தன. பிள்ளைகள் மேற்படிப்புப் படித்தார்கள். பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் சென்றார்கள். இவையெல்லாம் பெரும்பேறுகள், எதையும் நான் திருப்பிக் கொடுக்கச் சொல்லமாட்டேன். நெடுந்திண்ணையையும் ஆயாக்கொட்டகையையும் மட்டும் நாம் வரும்போது எடுத்துவரவில்லை. 1984ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது; பல குடும்பங்களைச் சேர்ந்த நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணத்திற்குப் பார்த்துக்கொள்ளும் இடம் பதிவுபெற வேண்டும் என்பது அதன் விதி. அது நல்ல சட்டம். ஆனால் தஸ்கா எனப்படும் அந்த மையத்திற்கு மாதந்தோறும் பணம் கட்டச் சக்தியில்லாத வீடுகளில், தாயின் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும் என்ற கணக்கினால், அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறாள். அந்தத் தாயைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையின் தேகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். குழந்தையின் எடையோடு ஒப்பிட அதன் தோற்பரப்பு பெரியது; வெளியிலுள்ள வெப்பம் பெரியவர்களைக் காட்டிலும் விரைவாக அதன் உடலில் ஏறும்; வியர்த்துத் தணிக்கும் சக்தியோ குறைவு. தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் சொல்ல மனமும் வராது. ஆகவே கேட்டபோது கொடுப்பது போதாது. நேரம் பார்த்து நாமே கொடுக்கவேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பால் ஒன்றே தாகத்தையும் தணிக்கும், தண்ணீர் கொடுக்கலாகாது, வெயில் கடுமையானால் பால் கொடுக்கும் தடவைகளை அதிகப்படுத்த வேண்டும், அதற்குத் தாய் நிரம்ப நீர் அருந்த வேண்டும். சிறுநீர் மஞ்சளித்துக் குறைவதும், கண் குழிவதும், அழும்போது கண்ணீர் வராததும், வழக்கத்திற்கு மாறாகக் குழந்தை சோர்ந்து கிடப்பதும் தாமதிக்கக்கூடாத அறிகுறிகள். 2023 ஏப்ரலில் கிளந்தான் மாநிலத்தில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தான். ஓடியாடும் வயதுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், கைக்குழந்தையின் விஷயத்தில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்! நிறுத்திவைத்த காரினுள் ஐந்து நிமிஷந்தானே என்று குழந்தையை விட்டுச் செல்லும் பழக்கத்தை அடியோடு ஒழிக்கவேண்டும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதனால் அந்த அபாயம் நீங்காது.

வறட்சியோடு தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்து சேர்வதை நமது கிள்ளான் பள்ளத்தாக்கு பலமுறை கண்டிருக்கிறது. 1998இல் மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது. 2014இல் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் தடை என்ற முறையில் சிலாங்கூரின் பல பகுதிகள் காலந்தள்ளின. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் துணி துவைப்பதற்கும், பால்புட்டி கழுவுவதற்கும், மாலைக் குளியலுக்கும் தண்ணீர் இல்லையென்றால் வீடே நிலைகுலைந்துவிடும்; எனவே வாளியும் தொட்டியும் பீப்பாயுமாக நிரப்பிவைக்கிறோம். அங்கே ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து தேங்கிய நீரையே நாடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே அதற்குப் போதும். மேலும் அது பகலில் கடிக்கும் ஜாதி. பகலில் வீட்டிற்குள் இருப்பவர்களோ குழந்தைகள். 2019ஆம் ஆண்டு நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பீடிக்கப்பட்டனர். அவர்களில் பெரும் பங்கினர் நமது சிலாங்கூர் மாநிலத்தவர். ஆகையால் சேமித்த நீருக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை பாத்திரத்தைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்த்துக் கழுவுவது முக்கியம். முட்டைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிற்பகலின் நீண்ட நேரத்தைக் குழந்தைகள் எதைக்கொண்டு கழிப்பது என்ற கேள்விக்கு இந்நாளில் ஒரே விடைதான் கையில் இருக்கிறது: கைத்தொலைபேசி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்திற்று. அந்த அறிவுரையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதனைத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டி அவளைக் குற்றஞ்சாட்டுவோரோடு எனக்குச் சம்மதமில்லை. உறங்கும் கணவனும், கொதிக்கும் உலையும், அழும் குழந்தையும் உள்ள ஒருத்தி வேறு எவரை உதவிக்கு அழைப்பாள்? பல்லாங்குழி ஆடுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். கதை சொல்லுவதற்குச் சொல்லும் ஆள் வேண்டும். மலாய்க்காரர் சொங்காக் என்று ஆடும் அதே குழிப்பலகையில் நம் பாட்டிமார் புளியங்கொட்டைகளை அள்ளி அள்ளிப் போட்டுக் குழந்தைக்கு எண்ணும் கணக்கும் கற்பித்தார்கள்; ஐந்து கல் ஆட்டமும், ரப்பர்க் கொட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குத்தி உடைக்கும் ஆட்டமும் நிழலிலேயே ஆடத்தக்கவை. பாலையும் ரோஸ் சிராப்பையும் கலந்து நீண்ட பிளாஸ்டிக் பையில் ஊற்றி, முனையை முடிந்து, உறையவைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால், முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வதிலேயே ஒரு மணி நேரம் இன்பமாகக் கழியும்; அது உறைவதற்குக் காத்திருப்பதில் பொறுமையும் வளரும். சர்க்கரையை மட்டும் தாய் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

வெளியே போவதாயின் விடியற்காலையிலேயே போகவேண்டும். நம்முடைய அதிர்ஷ்டம், பல நகர்ப்புறங்களுக்கு எளிதில் கிட்டாத நிழல் செலாயாங்கைச் சுற்றிலும் இருக்கிறது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக் காடு அவற்றுள் தலையாயது. 1929இல் அக்கழகம் தோன்றியபோது அந்த நிலம் ஈயம் தோண்டிப் பாழாய்க் கிடந்த பூமி. அதில் மனிதர் கையால் ஒவ்வொன்றாக நட்ட மரங்களே இன்று வானளாவ நிற்கின்றன. 2025இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அங்குள்ள கற்பூர மரங்களுக்கு அடியில் நின்று குழந்தையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் தழை மற்றொன்றின் தழையைத் தொடாமல், இடையே ஆற்று வழி போல வானம் தெரிந்துகொண்டிருக்கும். கேள்வி கேட்கும் வயதுப் பிள்ளை அதைக் கண்டால் நெடுநாள் வரையில் கேட்டுக்கொண்டேயிருக்கும். பாழ்நிலம் ஒரு தலைமுறைக்குள் காடாகக்கூடும் என்பதை அந்த இடத்தில் நின்று பெற்றோர் சொல்லும்போது அச்சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. பத்துமலையின் 272 படிகளையும் வெயில் விழுமுன் ஏறிவிட்டால், மேலே சுண்ணாம்புக் குகையின் குளிர்ச்சி ஏறிய களைப்பை மாற்றிவிடும். ரவாங் சாலையிலுள்ள கான்சிங் அருவியில் கீழ்த்தட்டுகளே சிறு பிள்ளைகளுக்கு உகந்தவை. மலைமேல் மழை பெய்தால் இங்கே வெயில் காயும்போதே நீர் திடீரென்று பெருகிவரும் அபாயம் உண்டாகையால், தண்ணீர் கலங்கத் தொடங்கியவுடன் கரையேறிவிட வேண்டும்.

ஆனால் காடும் அருவியும் விடுமுறை நாளுக்கு ஆனவை. நாள்தோறும் வேண்டுவது வீட்டருகிலுள்ள திடலும் பின்சந்துமே. நமது திடல்களில் ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் நட்டநடு வெயிலில் நிற்கின்றன, மரங்களோ வேலியோரத்தில். மேற்குப் புறத்தில் படர்ந்த தழையுடைய மரங்களை நட்டால் ஐந்துமணிக்கே அங்கே நிழல் விழும். இந்தக் கோரிக்கையை நகராண்மைக் கழகத்திடம் குடியிருப்போர் எழுதிக் கொடுக்கவேண்டும். நடும் நாளில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லவேண்டும். பின்சந்துகளைக் குப்பையும் பழைய சாமான்களும் இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொண்டால், பத்து வீட்டுப் பின்வாசல்களுக்கு அதுவே நெடுந்திண்ணை.

இதற்கு மேல் ஓர் ஏற்பாட்டை உங்கள் முன் வைக்கிறேன். ஒரே சந்தில் சிறு குழந்தைகள் உள்ள மூன்று வீட்டார் தம்முள் பேசிக்கொண்டு, முறைவைத்து, ஒரு பிற்பகல் ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கட்டும். மற்ற இரண்டு வீட்டுத் தாய்மாரும் அந்தப் பொழுதில் உறங்கட்டும், அல்லது தம் காரியத்தைப் பார்க்கட்டும். பணம் கைமாறாத இந்த உதவிக்குப் பதிவும் வேண்டா, கட்டணமும் வேண்டா. பகலில் உறங்கும் தகப்பனாருள்ள வீட்டை அந்த முறையிலிருந்து விலக்கிவிடலாம். அவர்கள் வேறொரு வகையில், சந்தையிலிருந்து வரும் கீரையும் பழமுமாகவேனும், தம் பங்கைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பாட்டியை அழைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நிமிர முடியாத பாட்டியாயினும் பாதகமில்லை. பக்கத்தில் அமர்ந்து கதை சொல்லுவதற்குக் குரல் இருந்தால் போதும். இந்த ஏற்பாட்டில் சேராத வீடு எது, அந்த வீட்டுத் தாய் ஏன் வெளியே வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். பிள்ளைபெற்ற சில மாதங்களில் காரணமின்றி அழுகையும் வெறுப்பும் சூழும் நிலை ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. செலாயாங் மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

தகப்பன்மார்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. 2023 ஜனவரி முதல் தீபகற்பத்தில் தனியார் துறைப் பெண்களின் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது; மணமான ஆண்களுக்கும் குழந்தை பிறந்தபோது ஏழு நாள் விடுப்பு உரிமையாயிற்று. இது நமது தொழிலாளர் வரலாற்றில் மெச்சத்தக்க முன்னேற்றம். அந்த ஏழு நாள் கழிந்த பின்னரும் குழந்தை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சந்தைக்கு இரவில் புறப்படும் தகப்பனார் மாலை ஐந்துமணிக்கு எழுந்துவிடுகிறார்; அலுவலகத்திலிருந்து வருபவர் ஆறு மணிக்குள் வந்து சேர்கிறார்; நமது பகுதியில் ஆண்டு முழுவதும் ஏழுமணியை ஒட்டியோ அதைக் கடந்தோதான் சூரியன் மறைகிறது. இடைப்பட்ட அந்த நேரமே வேனிற்காலத்தில் குழந்தைக்கு வாய்க்கும் உண்மையான பகல். அந்த வேளையில் திடலுக்கு அழைத்துச் செல்வதையும், வந்தபின் கைகால் கழுவிக் குளிப்பாட்டுவதையும், சோறூட்டுவதையும் தகப்பன்மார் தம்முடைய வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டபின் துண்டு எங்கே, சட்டை எங்கே என்று சமையலறையை நோக்கிக் குரல் கொடுக்கலாகாது. தாய் அந்த நேரத்தில் தலைமுழுகி, ஒரு கோப்பைத் தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிட்டு, விருப்பமிருந்தால் ஒரு காரியமும் செய்யாமல் உட்கார்ந்திருக்கட்டும்.